வயலில் விளையும் செங்காந்தளும் காட்டில் குறையும் செங்காந்தளும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு விளக்கம்

ஆடி, ஆவணியில் நாலு மழை விழுந்துவிட்டால் பென்னாகரம், அஞ்செட்டி, அரூர்ப் பக்கத்து வேலிகளிலும் காட்டோரங்களிலும் செங்காந்தள் கொடியேறத் தொடங்கும். அது பூக்கும் நாட்களில் வாட்ஸ்அப்பில் இரண்டு விதமான செய்திகள் சுற்றுவதைப் பார்க்கலாம். "அழிந்துவரும் மாநிலப் பூ, பறித்தால் சிறை" என்பது ஒன்று. "தங்கத்துக்கு நிகரான விதை, நட்டால் லாபம்" என்பது இன்னொன்று. இரண்டையும் படிப்பவருக்கு ஒரு கேள்வி வரத்தான் செய்யும்: திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் பயிராகும் செடியை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

நியாயமான கேள்விதான். உலக அளவில் செங்காந்தள் அழிவின் விளிம்பில் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் செடி அது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான அதுதான் ஜிம்பாப்வே நாட்டின் தேசியப் பூவும். ஆனால் ஒரு செடி உலகத்தில் இருப்பதும் ஒரு மலையடிவாரத்தில் இருப்பதும் வேறு வேறு. ஒரு காட்டிலிருந்தோ ஒரு ஊர் வேலியிலிருந்தோ அது காணாமல் போவதை வேறொரு மாவட்டத்தில் விளையும் பயிர் தடுக்காது. சில ஆண்டுகளில் அந்தப் பயிரே காட்டுச்செடிக்கு எமனாகவும் ஆகிவிடுகிறது. ஏன் அப்படி என்று புரிய, செடியை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்?

செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ எல்லாம் ஒரே செடிதான். அறிவியல் பெயர் குளோரியோசா சூபர்பா. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியல் இந்தப் பூவில்தான் தொடங்குகிறது.

இதைக் காட்டு லில்லி என்று சொல்வது வழக்கம். பழைய வகைப்பாட்டில் லில்லிக் குடும்பத்தில்தான் இருந்தது. இப்போது கோல்சிகேசியே என்ற தனிக்குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். லில்லிகள் அடங்கிய பெரிய வரிசைக்குள் அதுவும் வரும். தமிழ்நாட்டில் அசல் லில்லி இனம் வேண்டுமென்றால் நீலகிரி, பழனி மலைகளின் உயரத்துக்குத்தான் போக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியின் முட்புதர்க் காட்டுக்கும் இலையுதிர் காட்டுக்கும் உரிய லில்லி உறவு செங்காந்தள்தான்.

பற்றிக்கொள்ள இதற்குத் தனியாகச் சுருள்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, அருகில் இருக்கும் சூரைமுள்ளையோ கிளுவைக் குச்சியையோ பிடித்துக்கொள்ளும். பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். விரிந்த புதிதில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, சில நாட்களில் முழுப்பூவும் சிவந்துவிடும். ஒரே கொடியில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு வகைப் பூ இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

பூவுக்குள் ஒரு சங்கதி முக்கியமானது. பெண் பகுதியான சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கி, மகரந்தப்பைகளை விட்டுப் பக்கவாட்டில் விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் எளிதில் விழாது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து உரசிப் போனால்தான் காய் பிடிக்கும். பூச்சியும் பறவையும் குறைந்த இடத்தில் பூ நிறையப் பூத்தும் காய் இருக்காது.

மண்ணுக்கடியில் நடப்பது

இந்தச் செடியின் பலமும் பலவீனமும் கிழங்குதான். கலப்பையைப்போல இரண்டு கவையாகப் பிரிந்திருக்கும், அதனால்தான் கலப்பைக்கிழங்கு. அதன் வாழ்க்கை இப்படிப் போகிறது:

1. மழைக்காலத்தில் கிழங்கின் முனையிலிருந்து தண்டு எழும். கொடி வளர வளரப் பழைய கிழங்கு தன் சேமிப்பை எல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கும். புதுத்தண்டின் அடியில் அடுத்த ஆண்டுக்கான புதுக்கிழங்கு உருவாகும். அதாவது ஒவ்வோர் ஆண்டும் கிழங்கு புதிது.

2. காய் முற்றியதும் கொடி காய்ந்து விழும். கோடை முழுவதும் மேலே ஒன்றும் தெரியாது. "இங்கே ஒன்றும் இல்லை" என்று நினைத்துப் புல்டோசரை விடுகிற இடத்தில் கிழங்கு உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும்.

3. கிழங்கின் ஒவ்வொரு கவையின் நுனியிலும் முளைக்கக்கூடிய மொட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உருளைக்கிழங்கில் உள்ளதுபோலப் பல கண்கள் கிடையாது. மண்வெட்டி பட்டு அந்த நுனி உடைந்தால், மீதிக்கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது.

4. விதையிலிருந்து வருவது மிக மெதுவான வழி. விதை 6 முதல் 9 மாதம் வரை உறக்கத்தில் இருக்கும். முளைத்த கன்று கிழங்கு கட்டி, வலுப்பெற்று, முதல் பூ பூக்க 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது, நான்காவது புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். காட்டில் பூக்கும் ஒரு செடியின் கிழங்கைத் தோண்டினால், அந்த இடத்தை விதையிலிருந்து நிரப்பக் குறைந்தது நான்கு மழைக்காலம் வேண்டும். அதுவும் பக்கத்தில் விதை கொடுக்க வேறு செடி மிச்சமிருந்தால்.

கோல்சிசின்: மருந்தும் நஞ்சும்

செங்காந்தளுக்குச் சந்தை வந்ததற்குக் காரணம் கோல்சிசின் என்ற வேதிப்பொருள். 1820-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லத்தியேயும் கவந்தூவும் இதன் ஐரோப்பிய உறவுச்செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். செல் பிரியும்போது உள்ளே கட்டப்படும் நுண்குழல்களை இது உருவாகவிடாமல் தடுக்கும். அதனால் மூன்று வகைப் பயன்கள் வந்தன.

யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வாதத்துக்கு இது நெடுங்கால மருந்து. மாரடைப்பு அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவில் கொடுக்க 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. பயிர் ஆராய்ச்சியில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்பூசணி உருவானது அந்த வழியில்தான்.

மருந்து அளவுக்கும் நஞ்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. செடியின் எல்லாப் பாகத்திலும் இது உண்டு; கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. காட்டு வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. முதலில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். அது அடங்கியதுபோல் தோன்றினாலும் அடுத்த நாட்களில் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை எல்லாம் பாதிக்கப்படும். எளிதில் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. எனவே நாட்டு வைத்தியம் என்று வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாத கிழங்கு இது. தெரியாமல் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இந்த நஞ்சையே உணவாக்கிக்கொண்ட பூச்சியும் உண்டு. கருப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்த லில்லிப்புழு செங்காந்தள் இலையை மொட்டையடிக்கும். வளர்ந்ததும் சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று சித்திரம்போட்ட அந்துப்பூச்சியாகப் பறக்கும். வயலில் அது பூச்சிமருந்து அடிக்க வேண்டிய எதிரி. காட்டில் அந்தக் கொடியோடு சேர்ந்து வாழும் உயிர். கொடி போனால் அதுவும் போகும்.

வயல் காட்டை எப்படித் தொடுகிறது?

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் செங்காந்தள் பணப்பயிர். விற்பது கிழங்கை அல்ல, விதையை. கம்பியில் கொடியை ஏற்றிவிட்டு, பூக்கும் பருவத்தில் காலை வேளையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகப் போய் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைப்பார்கள். பூவின் அமைப்பும் பூச்சிகளின் குறைவும் சேர்ந்து மனிதக் கையை அங்கே தேவையாக்கியிருக்கின்றன.

விதையை எடுப்பதால் செடி சாகாது. அப்படியானால் காட்டுக்கு என்ன கெடுதல்? கெடுதல் நடவில் இருக்கிறது.

விதையிலிருந்து பூக்க 3, 4 ஆண்டுகள் காத்திருக்க விவசாயியால் முடியாது. எனவே கிழங்கைத்தான் நடுகிறார். பரிந்துரை, ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 2,000 கிலோ கிழங்கு. ஏக்கருக்குக் கணக்கிட்டால் 800 கிலோ. ஒரு கிழங்கு 50, 60 கிராம் என்றால், ஒரு ஏக்கர் நட ஏறக்குறைய 14,000 கிழங்கு வேண்டும். ஒரு கிராமத்து வேலிகள் அத்தனையையும் தோண்டினாலும் அவ்வளவு கிடைப்பது கடினம். இதில் கொஞ்சம் பங்கு காட்டிலிருந்து வந்தாலே போதும், ஒரு மலைச்சரிவு காலியாகிவிடும்.

பயிர் நிலைத்த விவசாயி தன் வயலிலேயே கிழங்கைப் பெருக்கிக்கொள்வார், உண்மைதான். ஆனால் இரண்டு சமயங்களில் வெளியிலிருந்து கிழங்கு தேவைப்படும். விதை விலை ஏறி, புதிதாகப் பலர் நடும் ஆண்டு ஒன்று. கிழங்கழுகல் நோய் விழுந்து வயல் போன ஆண்டு இன்னொன்று. விதை விலை நிலையாக இல்லாத பயிர் இது. ஏறும்போதெல்லாம் கிழங்குக்கு ஓட்டம் வரும். அந்த ஓட்டம் கடைசியில் வந்து நிற்பது காட்டுக்கிழங்கு கிடைக்கும் இடங்களில்தான். தோண்டுகிறவருக்குக் கிடைப்பது ஒருநாள் கூலி. இழப்பு பல ஆண்டு.

சரி, வயலில் உள்ளதை எடுத்துப் பிறகு காட்டில் நட்டுவிட்டால் ஆகாதா? ஓரளவுதான் ஆகும். வயல் செடிகள் பெரும்பாலும் கிழங்கிலிருந்தே பெருக்கப்பட்டவை. ஒரு தாய்க்கிழங்கின் வழிவந்தவை எல்லாம் ஒரே மரபுச்சரக்கு. பென்னாகரத்துக் கல்லாங்குத்து மண்ணிலும் சித்தேரி மலைச்சரிவிலும் தலைமுறை தலைமுறையாக வறட்சியைத் தாங்கித் தேறிய செடிகளிடம் இருக்கும் வேறுபாடுகள் அதில் இருக்காது. நாளை வயலில் அழுகலைத் தாங்கும் ரகம் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் தேடினால், அவர் வந்து நிற்க வேண்டியதும் இந்தக் காட்டுச்செடிகள் முன்னால்தான். காட்டுச்செங்காந்தள் அழிந்தால் முதலில் பிடிமானம் இழப்பது விவசாயமே என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரண்டு மாவட்டங்களில் என்ன நடக்கிறது?

தோண்டுவது மட்டும் காரணம் என்று சொன்னால் பாதி உண்மைதான். என் பார்வையில் பெரிய இழப்பு வேலிகளில் நடக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரியின் மானாவாரி நிலங்களைச் சுற்றிக் கிளுவை, கள்ளி, சூரை, காரை என்று அடர்ந்த உயிர்வேலிகள் இருந்தன. ஏர் படாத மண், ஏறிக்கொள்ள முள், பாதி வெயில் பாதி நிழல், கூடு கட்டும் பறவை, சுற்றிவரும் பட்டாம்பூச்சி: செங்காந்தள் கேட்பது அத்தனையும் அந்த மூன்று நான்கு அடி அகலத்தில் கிடைத்தது. இப்போது நிலம் மனையாகும்போதும், அளந்து கல் நட்டுக் கம்பிவேலி போடும்போதும், ஒரே காலைப்பொழுதில் ஜேசிபி அந்த வேலியை வேரோடு புரட்டிவிடுகிறது. ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் விரிந்த வேகத்தில் இது மிக அதிகம். ஆடுமாடு தின்றுவிடுமோ என்ற பயத்தில் கொடியைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு.

காட்டுக்குள் வேறு கதை. வெளிநாட்டிலிருந்து வந்த புதரான உண்ணிச்செடி (லாண்டானா) அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் பரவிக் கிடக்கிறது. முற்றிய செங்காந்தள் அதன்மேலும் ஏறிப் பூக்கும். ஆனால் அந்த அடர்த்திக்குக் கீழே விதை முளைத்து வரும் சின்னக் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்காது. பழைய செடிகள் பூத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். அடுத்த தலைமுறை வரவில்லை என்பது கண்ணில் படாது.

அப்புறம் தீ. காய் வெடித்துச் சிவந்த விதைகள் மண்ணில் விழுவது மார்கழி, தை. உறக்கம் கலைந்து முளைக்க அடுத்த மழை வர வேண்டும். இடையில் இருப்பது மாசி முதல் சித்திரை வரையிலான தீக்காலம். சருகுத்தீ லேசாக ஓடினால் மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு தப்பிவிடும். மேலே கிடக்கும் விதை கருகும். ஆண்டுதோறும் எரியும் சரிவில் கிழங்கு இருக்கும்வரை பூ இருக்கும், புதுச்செடி இருக்காது. காய்ந்த உண்ணிச்செடி சேர்ந்தால் தீயின் சூடும் கூடிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பறித்தால் சிறை" என்பது சரியா? இடத்தைப் பொறுத்தது.

மாநிலப் பூ என்பது ஓர் அடையாளம். அந்த அறிவிப்பினால் மட்டும் எந்தச் செடிக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. பட்டா நிலத்தில், சொந்த வேலியில் உள்ள செங்காந்தளை வளர்ப்பதும் விதை எடுப்பதும் குற்றமில்லை.

காப்புக்காட்டில் நிலைமை வேறு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி அங்கிருந்து அனுமதியின்றி வனப்பொருள் எடுப்பது குற்றம், கிழங்கும் வனப்பொருளே. சரணாலயத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பரவிய காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும், சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. யானையை மனத்தில் வைத்துக் காக்கப்படும் காடு செங்காந்தளுக்கும் அரண்தான்.

இதில் பலர் விட்டுவிடும் பகுதி வன உரிமைச் சட்டம், 2006. சிறு வனப்பொருள் என்று அது வரையறுப்பதில் மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் அடங்கும். சித்தேரி, வத்தல்மலையின் மலையாளி என்ற பழங்குடி மக்களும் கிருஷ்ணகிரிக் காட்டோர இருளர்களும் வழிவழியாகச் சேகரித்துவந்த பொருள்களின்மீது உரிமை கோர அந்தச் சட்டம் வழிதருகிறது. அதே சட்டம் காட்டையும் பல்லுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குக் கொடுக்கிறது. எனவே "பழங்குடிகளை வெளியேற்றினால் செடி பிழைக்கும்" என்ற வாதம் சட்டப்படியும் தவறு, நடைமுறையிலும் தவறு. எந்தச் சரிவில் எத்தனை கொடி இருந்தது, எப்போது குறைந்தது என்று அறிந்தவர்கள் அவர்கள்தான்.

உயிரியப் பன்மயச் சட்டம், 2002-ன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஊர் எல்லையில் செங்காந்தள் எங்கெங்கே உண்டு என்று அந்தப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், நாளை சாலை விரிவாக்கமோ குவாரியோ வரும்போது காட்ட ஓர் ஆவணம் இருக்கும்.

செய்யக்கூடியவை

மேலே சொன்ன காரணங்களிலிருந்து நேராக வருபவை இவை.

1. காட்டுக்கிழங்கை வாங்காமல் இருப்பது. நடவுக்கு வாங்கும் விவசாயி, இது யாருடைய வயலில் பெருக்கியது என்று கேட்க வேண்டும். ஒரே பருவத்தில் வெட்டிய வயல்கிழங்கு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நுனி உடைந்தும், அளவு கலந்தும், மண் வேறு வேறாக ஒட்டியும் வந்த மூட்டையைச் சந்தேகிக்கலாம்.

2. விதை நாற்றங்கால். வனத்துறையும் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களும் இந்த மாவட்டங்களின் காட்டுவிதையை எடுத்து, கிழங்கு கட்டும்வரை வளர்த்துக் கொடுத்தால்தான் கிழங்குத் தேவை காட்டைவிட்டு விலகும். நான்கு ஆண்டு காத்திருப்பைத் தனி விவசாயியின் தலையில் கட்ட முடியாது. அரசு செலவிட வேண்டிய இடம் இது.

3. உண்ணிச்செடி அகற்றும் பணியில் கவனம். அகற்றிய இடத்தில் நாட்டு முட்புதர்களை விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டச் சிரைத்துவிட்டால் செங்காந்தள் ஏற எதுவும் இருக்காது.

4. வேலி எடுக்கும் முன் கிழங்கை மாற்றுவது. வேலியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், மழைக்காலத்திலேயே கொடி நிற்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கொடி முழுவதும் காய்ந்த பிறகு, மாசி, பங்குனியில், கையுறை போட்டுக்கொண்டு ஓரடி தள்ளி மண்ணைப் பறித்துக் கிழங்கை முழுசாக எடுங்கள். நுனியில் அடி படக் கூடாது. நிழலில், உலர்ந்த மணலில், பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில், உண்ணும் கிழங்குகளோடு கலக்காமல் வையுங்கள். முதல் மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்காத வேறொரு வேலியோரத்தில், ஒரு சாண் ஆழத்துக்குள், கவைகள் படுத்திருக்கும்படி நட்டு மண் மூடினால் போதும். தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும்.